சுடர் ஏன் மஞ்சளாகிறது? காஸ் அடுப்பின் பேர்னரும் பொறியும் பற்றிய விடைகள்

நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக எழுகிறது, பானையின் அடி கரிபிடிக்கிறது. இன்னொரு வீட்டில் குமிழைத் திருகினால் 'டிக்' என்ற ஓசை மட்டும் வருகிறது, தீ வருவதில்லை. வேறொரு வீட்டில் பேர்னரின் ஒரு பாதி எரிய, மறுபாதியிலிருந்து எரியாத காஸ் மணக்கிறது. காஸ் அடுப்பு பற்றி நீண்டகாலமாக இருந்துவரும் முறைப்பாடுகள் இவை. குற்றம் எங்கே என்பதற்குத்தான் ஆளுக்கொரு விடை: காஸில், ரெகுலேற்றரில், பேர்னரில், பொறியில், பாவிப்பவரின் கவனக்குறைவில். 2021 இன் இறுதியில் இலங்கையெங்கும் அடுப்புகள் வெடிக்கத் தொடங்கியபோது இந்தக் கேள்வி குசினியைத் தாண்டி நாடாளுமன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போனது.

இந்த விடைகளை ஒவ்வொன்றாக எடைபோட ஒரு குறிப்பிட்ட ஊரை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியில், மகாவலியின் கிளையாகிய வெருகல் ஆறு கடலைத் தொடும் பகுதி அதற்குப் பொருத்தமானது. ஒருபுறம் வயல், மறுபுறம் கடல். ஆற்றுக்குப் பாலம் வரும்வரை ஏ15 வீதியில் வந்தவர்கள் படகுப்பாதையை நம்பியிருந்தார்கள். 2012 குடிசன மதிப்பீட்டின்போது நாட்டின் குடும்பங்களில் நான்கில் மூன்றுக்கும் மேற்பட்டவை விறகிலேயே சமைத்தன. வெருகல் போன்ற ஊர்களில் காஸ் வந்தபின்னும் விறகடுப்பு அணையவில்லை. இரண்டும் அருகருகே இருக்கின்றன. காஸ் அடுப்புப் பராமரிப்பு பற்றி எழுதப்பட்ட அறிவுரைகளில் பெரும்பகுதி மாநகர அடுக்குமாடிகளையோ அமெரிக்க வீட்டு முற்றத்துக் கிரில் அடுப்புகளையோ நினைத்து எழுதப்பட்டவை. கடற்காற்றும் விட்டுவிட்டு நடக்கும் பாவனையும் அவற்றில் அரிதாகவே பேசப்படுகின்றன.

மஞ்சள் விரும்பப்பட்ட காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காஸ் முதலில் வெளிச்சத்துக்காகவே எரிக்கப்பட்டது. தெருவிளக்குக்கு மஞ்சள் சுடர்தான் வேண்டும். காற்றுப் போதாமல் எரியும்போது உண்டாகும் நுண்ணிய கரித்துகள்கள் சூட்டில் ஒளிர்வதே அந்த மஞ்சள். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் றொபர்ட் புன்சனுக்குத் தேவைப்பட்டதோ நிறமற்ற, கரிபிடிக்காத, சூடான சுடர். 1855 வாக்கில் அவரும் கருவித் தொழில்நுட்பர் பீற்றர் டெசாகாவும் உருவாக்கிய பேர்னரில், காஸ் எரிவதற்கு முன்பே குழாயின் அடித்துளைகள் வழியாகக் காற்றை இழுத்துக் கலந்துகொண்டது. இன்று வெருகலில் தேநீர் வைக்கும் இரட்டை அடுப்பும் நிலாவெளி உல்லாச விடுதியில் மீன் வாட்டும் கிரில் அடுப்பும் இதே தத்துவத்தில்தான் எரிகின்றன.

ரெகுலேற்றரைத் தாண்டிய காஸ் ஏறத்தாழ 30 மில்லிபார் அழுத்தத்தில் ஊசித்துளை போன்ற ஒரு ஜெட்டிலிருந்து பாய்கிறது. அந்தப் பாய்ச்சல் சுற்றியிருக்கும் காற்றைத் தன்னோடு இழுத்துக்கொண்டு கலவைக்குழாய்க்குள் நுழைகிறது. கலந்தபின் பேர்னர் தலையின் துளைகளில் வெளிவந்து எரிகிறது. ஒரு கன அளவு புரொப்பேன் முழுதாக எரிய 24 மடங்கு காற்றும், பியூட்டேன் எரிய 31 மடங்கு காற்றும் தேவை. இதில் ஏறத்தாழ பாதி முன்கூட்டியே கலக்க வேண்டும். மீதியைச் சுடர் வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளும். அடுப்பின் பழுதுகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கு எங்கோ பிசகுவதால் வருபவை.

குற்றம் காஸில்

இலங்கையில் மிக உரத்து ஒலித்த விடை இது. சமையல் காஸ் என்பது புரொப்பேனும் பியூட்டேனும் சேர்ந்த கலவை. நீண்டகாலமாக இங்கே பியூட்டேன்தான் மிகுதி; புரொப்பேன் 20 வீதத்தை ஒட்டியிருந்தது. 2021 இல் அது 50 வீதம்வரை உயர்த்தப்பட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. நவம்பர், டிசெம்பர் மாதங்களில் நூற்றுக்கணக்கான சம்பவங்கள் பதிவாகின, உயிர்களும் போயின. ஜனாதிபதி நியமித்த எட்டுப் பேர் கொண்ட குழுவுக்கு மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொலகே தலைமை தாங்கினார். சேர்மானம் மாறியதே முக்கிய காரணம் என்று அந்தக் குழு டிசெம்பரில் கூறியது. மணமூட்டியான எதில் மெர்கெப்டனும் சர்ச்சைக்குள்ளானது. கப்பலில் வந்த காஸில் அது போதாது என்று கண்டு, இறக்க அனுமதி மறுத்த நிகழ்வும் அந்த மாதத்தில்தான்.

இந்த நிலைப்பாட்டின் பலம் பௌதிகத்தில் இருக்கிறது. புரொப்பேன் −42 பாகையில் கொதிப்பது, பியூட்டேன் பூச்சியத்தை ஒட்டிக் கொதிப்பது. 30 பாகை வெப்பத்தில் 20:80 கலவையின் ஆவியழுத்தம் ஏறத்தாழ நாலரை பார். 50:50 ஆனால் அது ஏழு பாரை நெருங்கும். சிலிண்டரின் வால்வும் ரெகுலேற்றர் பொருந்தும் இறப்பர் வளையமும் தாங்கவேண்டிய சுமை ஒன்றரை மடங்காகிறது. பழைய அழுத்தத்துக்குப் பழகிய தேய்ந்த வளையம் இங்கே கசியலாம்.

பலவீனமும் அதே பௌதிகத்தில் இருக்கிறது. ரெகுலேற்றர் சரியாக இருந்தால் சிலிண்டருக்குள் நாலு பாராக இருந்தாலும் ஏழு பாராக இருந்தாலும் பேர்னருக்கு அது தெரியாது. ஆகவே சேர்மானம் என்ற விடை ரெகுலேற்றருக்கு முந்திய கசிவை நன்றாக விளக்குகிறது. பேர்னரின் நடத்தையை அவ்வளவாக விளக்கவில்லை. மஞ்சள் சுடருக்குப் புரொப்பேனைக் குற்றம் சொல்வது தலைகீழான கணக்கு. புரொப்பேனுக்குக் காற்றுத் தேவை குறைவு, அது கூடினால் சுடர் நீலத்தின் பக்கம்தான் சாயும்.

உண்மையில் மஞ்சளைக் கொண்டுவருவது சிலிண்டரின் கடைசி நாட்கள். எளிதில் ஆவியாகும் புரொப்பேன் முதலில் வெளியேறிவிடுவதால் அடியில் மிஞ்சுவது பியூட்டேன். அதற்கு அதிகக் காற்று வேண்டும். ஜெட் இழுக்கும் காற்று அந்த அளவுக்குக் கூடுவதில்லை. எனவே சிலிண்டர் தீரும் தறுவாயில் மட்டும் சுடர் நுனி மஞ்சளாகி, புதிய சிலிண்டர் பூட்டியதும் தெளிந்தால் பேர்னரைக் கழற்ற வேண்டியதில்லை. குளிர்நாட்டு நூல்கள் இதற்கு நேர்மாறான தொல்லையைப் பேசும். அங்கே பனிக்காலத்தில் பியூட்டேன் ஆவியாகவே மறுக்கும். வெருகலின் வெயிலில் அந்த அத்தியாயத்துக்கு வேலையில்லை.

குற்றம் இணைப்பில்

தரமற்ற ரெகுலேற்றர், வெடித்துப்போன ஹோஸ், மலிவான அடுப்பு என்பவை காரணம் என்ற விடை 2021 இல் விற்பனைத் தரப்பிலிருந்து முன்வைக்கப்பட்டது. சொன்னவர்களின் நலன் அதில் கலந்திருந்ததால் மக்கள் அதை எளிதில் ஏற்கவில்லை. அந்தச் சந்தேகம் நியாயமானது. ஆனாலும் விடையில் சாரம் உண்டு. ரெகுலேற்றருக்குள் இருப்பது ஒரு வில்லும் ஓர் இறப்பர் சவ்வும். சவ்வு இறுகிவிட்டால் சுடர் ஏறி இறங்கும், அல்லது பேர்னரை விட்டு எழும்பி இரையும். ஹோஸ் இறப்பர் காலத்தால் வெடிக்கிறது. இந்தியாவில் 5 ஆண்டுக்கொருமுறை மாற்றச் சொல்கிறார்கள்.

அப்போதைய சம்பவங்களில் கணிசமானவை கண்ணாடி மேற்பரப்பு அடுப்புகள் நொறுங்கியவை. வலுவூட்டப்பட்ட கண்ணாடி சீரற்ற சூட்டிலும், ஓரத்தில் ஏற்பட்ட சிறு சிதைவிலும் முழுவதுமாகச் சிதறும். எல்லாவற்றையும் 'காஸ் வெடிப்பு' என்ற ஒரே பெயரில் எண்ணியது விவாதத்தைக் குழப்பியது என்றே கருத வேண்டியிருக்கிறது. கடற்காற்றில் சுடர் அலையாமலிருக்க அடுப்பைச் சுற்றித் தகரம் வைத்து மறைக்கும் வழக்கம் கரையோர வீடுகளில் உண்டு. அந்தத் தகரம் சூட்டை ஹோஸின் மீதும் கண்ணாடியின் மீதும் திருப்பிவிடுகிறது. காற்றை மறைக்க வேண்டுமானால் மறைப்பு யன்னலில் இருப்பதே பாதுகாப்பு.

அமெரிக்கக் கிரில் அடுப்புகளில் இணைப்புச் சார்ந்த தனியொரு தொல்லை உண்டு. கசிவைத் தடுக்க வைத்த பாய்ச்சல் கட்டுப்படுத்தி, அடுப்புக் குமிழ் திறந்திருக்கும்போது சிலிண்டர் வால்வைச் சட்டெனத் திறந்தால் அதைக் கசிவு என்று எடுத்துக்கொண்டு காஸைக் குறைத்துவிடும். சுடர் குன்றியே எரியும். எல்லாவற்றையும் மூடி, வால்வை மெல்லத் திறந்தால் சரியாகிவிடும். இதை அறியாமல் பேர்னரையே மாற்றியவர்கள் அங்கே பலர்.

குற்றம் பேர்னரில்

மற்ற விடைகளைவிட இதற்கு ஆரவாரம் குறைவு, அன்றாடப் பழுதுகளை விளக்கும் திறன் அதிகம். பொங்கி வழிந்த கஞ்சியும் பாலும் பேர்னர் துளைகளை அடைக்கின்றன. அரை வட்டம் மட்டும் எரிவதற்கு இதுவே வழக்கமான காரணம். கிரில் அடுப்பில் மீன் கொழுப்பு சொட்டி நீண்ட குழாய்ப் பேர்னரின் துளைகளை மூடுகிறது. ஒரு முனையில் பற்றிய தீ மறுமுனைக்கு ஓடாமல் நிற்க, இடையில் எரியாத காஸ் தேங்கித் திடீரெனப் பற்றும்.

துளை அடைப்பைப் பழைய பற்தூரிகையும் மெல்லிய ஊசியும் தீர்க்கும். புளி தேய்த்துக் கழுவுவதும் பித்தளைப் பேர்னருக்கு ஏற்றதே. நன்கு உலராமல் பூட்டினால் மட்டும் உள்ளே நிற்கும் நீர் சுடரைத் துடிக்கவைக்கும். ஜெட்டில்தான் கவனம் வேண்டும். அது மென்மையான பித்தளை. கடினமான ஊசியால் குடைந்து 0.6 மில்லிமீற்றர் துளை 0.7 ஆனால் பரப்பு மூன்றிலொரு பங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. அதன்பின் அந்த அடுப்பு எப்போதும் மஞ்சளாகவே எரியும், எவ்வளவு தேய்த்தாலும் மாறாது. 'நேற்றுத்தான் கழுவினோம், இன்றைக்கு இன்னும் மோசம்' என்ற முறைப்பாட்டின் பின்னால் பல வேளைகளில் இந்த ஊசி இருக்கிறது.

அடைப்பைவிட மறைவானது கலவைக்குழாய்க்குள் பூச்சி கட்டும் கூடு. சிலந்திகள் இந்த இருண்ட குழாய்களைத் தேடி வருவது கிரில் உலகில் நன்கு அறியப்பட்டது. காற்றுவாயிலுக்குக் கம்பிவலை பூட்டியே பல அடுப்புகள் விற்கப்படுகின்றன. சிலந்தியின் வல்லமைக்கு அடுப்புக்கு வெளியேயும் சான்று உண்டு. எரிபொருள் தொட்டியின் காற்றுக்குழாயில் ஒருவகை மஞ்சள் சிலந்தி வலை கட்டியதால் மஸ்டா நிறுவனம் 2011 இல் பல்லாயிரம் கார்களைத் திரும்ப அழைத்தது. நம் பக்கம் சிலந்தியோடு குளவியும் சேர்கிறது; அது கட்டும் மண்கூடு வலையைவிடக் கெட்டி. காற்று வழி அடைபட்டால் சுடர் மஞ்சளாவதோடு நிற்பதில்லை. காஸ் முன்னே போக வழியின்றிப் பின்னே திரும்பி, குமிழின் அடியில் எரியத் தொடங்கலாம். அடுப்பின் கீழிருந்து தீ தெரிந்தால் பேர்னரைப் பழிசொல்லி நேரத்தைப் போக்காமல் சிலிண்டரை மூடுவதே முதற்செயல்.

இங்கேதான் பாவனைமுறை முக்கியமாகிறது. நாள்தோறும் மூன்று வேளையும் எரியும் குழாயில் சிலந்தி குடியிருக்காது. 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவானது. காசிருந்தாலும் சிலிண்டர் கிடைக்காத மாதங்கள் அவை. விறகு கிடைக்கும் ஊர்களில் காஸ் அடுப்பு மூலையில் ஒதுங்கியது. தட்டுப்பாடு தீர்ந்தபின்னும் காஸை மழைநாளுக்கும் அவசரத் தேநீருக்கும் மட்டும் வைத்துக்கொள்ளும் வீட்டில் பேர்னர் வாரக்கணக்கில் சும்மா கிடக்கிறது. வெருகல் போன்ற இடங்களில் எரிவதால் வரும் தேய்மானத்தைவிடச் சும்மா கிடப்பதால் வரும் கேடு பெரிது என்பது என் மதிப்பீடு.

கடல் தரும் போலி அறிகுறி

கரையோரத்துக்கே உரிய ஒரு குழப்பத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நீலச் சுடரில் செம்மஞ்சள் பொட்டுகள் மினுங்கி மறைவது காஸ் கெட்டதற்கோ பேர்னர் அடைத்ததற்கோ அடையாளமல்ல. அது உப்பிலுள்ள சோடியம். 1860 இல் புன்சனும் கிர்ச்சொஃபும் தங்கள் நிறமாலை ஆய்வில் இதையே கண்டார்கள்: ஒரு மில்லிகிராமின் முப்பது இலட்சத்தில் ஒரு பங்கு சோடியம்கூடச் சுடரை நிறமாற்றியது. காற்றில் எங்கும் அது இருப்பதற்குக் கடல்நீர்த் திவலைகளை அவர்கள் காரணம் காட்டினார்கள். ஐரோப்பாவின் உள்நாட்டு நகரொன்றிலேயே அப்படியென்றால் வாடைக்காற்று வீசும் மார்கழியில் வெருகல் முகத்துவாரத்துக்கு அருகே இருக்கும் குசினியில் கேட்க வேண்டியதில்லை.

இரண்டையும் பிரிக்க எளிய வழி உண்டு. சோடியத்தின் நிறம் பொட்டுப் பொட்டாக மின்னி மறையும், பானையில் கரி ஒட்டாது. காற்றுக் குறைவால் வரும் மஞ்சள் சுடரின் நுனியில் நிலையாக நிற்கும், சோம்பலாக நீளும். துடைத்த பானையை ஐந்து நிமிடம் வைத்து, ஆறியபின் அடியில் வெள்ளைத்துணியால் ஒற்றினால் கரி வரும். இரண்டாவதில் காபன் மொனொக்சைட்டும் உண்டாகலாம் என்பதால் மூடிய அறையில் அதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. முதலாவதற்காக அடுப்பைப் பிரிப்பது வீண்வேலை, ஜெட்டைக் குடைந்துவிடும் ஆபத்தும் அதில் உண்டு.

உப்பு செய்யும் உண்மையான தீங்கு உலோகத்தில் தெரியும். துருவேறா உருக்கு என்று விற்கப்படும் பேர்னர்களில் பல 304 வகை. குளோரைட்டு அதில் ஊசிமுனைக் குழிகளை அரிக்கும். மொலிப்டினம் சேர்ந்த 316 வகை கடற்கரைக்கு ஏற்றது, விலையும் கூட. உப்புவெளி, நிலாவெளி விடுதிகளின் திறந்தவெளிக் கிரில் அடுப்புகளுக்கு இந்த வேறுபாடு முக்கியம். வீட்டு அடுப்பில் வார்ப்பிரும்பு பேர்னர் துருவேறிச் செதில் உதிர்க்கும். செதில் உள்ளே விழுந்து கலவை வழியை அடைக்கும்.

பொறி வராதபோது

பொறி பற்றிய விவாதம் சுருக்கமானது, ஏனெனில் இங்கே கருத்து வேறுபாட்டுக்கு இடம் குறைவு. குமிழைத் திருகும்போது வரும் 'டிக்' ஒரு சிறு சுத்தியல் படிகத்தில் அடிக்கும் ஓசை. அழுத்தினால் மின்னழுத்தம் தரும் படிகங்களை ஜாக், பியர் கியூரி சகோதரர்கள் 1880 இல் கண்டறிந்தார்கள். அடுப்பிலுள்ளது செயற்கைப் பீங்கான் படிகம். ஓர் அடியில் பல ஆயிரம் வோல்ட்டு எழும், அது சில மில்லிமீற்றர் இடைவெளியைப் பாய்ந்து பொறியாகும். பற்றரி வகை அடுப்பில் அந்த வேலையை ஒரு சிறு சுற்று செய்கிறது.

ஓசை வந்தும் தீ வராவிட்டால் படிகம் செத்துவிட்டது என்று முடிவுகட்டுவது வழக்கமான தவறு. மின்சாரம் எங்கோ வழிதவறிப் போகிறது. மின்முனையைத் தாங்கும் வெள்ளைப் பீங்கானில் எண்ணெய்ப்பிசுக்கும் உப்பு ஈரமும் படிந்தால், பொறி நுனிக்குப் போகாமல் பீங்கானின் மேலாகவே உடலுக்கு இறங்கிவிடும். சிலிண்டரை மூடி, காஸ் மணம் முழுதாகப் போனபின், விளக்கை அணைத்துக் குமிழைத் திருகினால் பொறி எங்கே பாய்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். நுனியில் பாய்ந்தும் பற்றாவிட்டால் இடைவெளியோ காஸ் துளையோ தவறு. பீங்கானின் அடியில் நீலக்கோடு தெரிந்தால் உலர்ந்த துணியால் துடைப்பது போதும். வெடிப்பு இருந்தால் பீங்கானை மாற்ற வேண்டும். எங்குமே பொறி இல்லையென்றால்தான் வயரையும் படிகத்தையும் சந்தேகிக்கலாம். வடகீழ்ப் பருவமழையில் அடம்பிடித்து, வெயில் வந்ததும் தானாகச் சரியாகும் பொறிக்கு ஈரம்தான் காரணம்.

பற்றாத நிலையில் குமிழைத் திறந்துவைத்து மீண்டும் மீண்டும் முயல்வது ஆபத்து. காற்றில் 2 வீதமளவு காஸ் சேர்ந்தாலே பற்றும். அது காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு பாரமானது, தரையோடு படியும். மேலேயுள்ள யன்னலைத் திறப்பது போதாது, கதவைத் திறக்க வேண்டும். சுடர் அணைந்தால் தானாகக் காஸை நிறுத்தும் வெப்பமின் இணைப்பு ஐரோப்பிய அடுப்புகளில் வழக்கம். இங்கே விற்கும் மலிவு வகைகளில் அது அரிது. பொறி வசதியைப் பார்த்து வாங்குகிறவர்கள் இதையும் கேட்டு வாங்கத் தொடங்கினால் நல்லது.

குற்றம் பாவிப்பவரில்

அதிகாரிகள் விரும்பிச் சொல்லும் விடை. சோப்பு நுரையால் கசிவு பார்க்கவில்லை, ஹோஸை மாற்றவில்லை, சேவைக்கு ஆள் அழைக்கவில்லை என்ற பட்டியல் பொய்யல்ல. சோப்பு நுரைச் சோதனைக்கு ஒரு நிமிடமும் போகாது. தீக்குச்சி காட்டிப் பார்க்கும் பழக்கத்தை நிறுத்தியே ஆக வேண்டும். ஆனால் சிலிண்டருக்குள் என்ன கலவை இருக்கிறது என்பது பாவிப்பவருக்குச் சொல்லப்படாதிருந்த நாட்டில் முழுப்பொறுப்பையும் அவர் தலையில் ஏற்றுவது முறையல்ல. சேர்மானத்தைச் சிலிண்டரில் குறிப்பிட வேண்டும் என்ற கோரிக்கை 2021 விபத்துகளுக்குப் பிறகே வலுப்பெற்றது. தரமான ரெகுலேற்றர் எது, போலி எது என்று பிரித்துச் சொல்ல வல்ல தொழிலாளரும் வெருகலை அடுத்த ஈச்சிலம்பற்றுப் பக்கம் வாழ்பவருக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும்.

எஞ்சியிருப்பவை

மேற்கண்ட விடைகளை ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தியதே 2021 விவாதத்தின் குறை. அவை வெவ்வேறு பழுதுகளுக்கான விடைகள். ரெகுலேற்றருக்கு முன்னால் நடக்கும் கசிவுக்குச் சேர்மானமும் வளையமும் சேர்ந்து பொறுப்பு. ரெகுலேற்றருக்குப் பின்னால் நிறம் மாறுவதற்கும் பாதி எரிவதற்கும் காற்றும் பேர்னரும் பொறுப்பு. அங்கே முதலில் கலவைக்குழாயையும் துளைகளையும் பார்ப்பது, பிறகு ஜெட், கடைசியாக ரெகுலேற்றர் என்ற ஒழுங்கு பெரும்பாலும் பலன் தரும். பொறி வராததற்குப் பெரும்பாலும் ஈரமும் உப்பும் பொறுப்பு.

தீராதவை சில உண்டு. ஏற்கெனவே வீடுகளில் இருக்கும் பழைய வளையங்களும் ரெகுலேற்றர்களும் எந்த அளவு புரொப்பேன்வரை பாதுகாப்பாகத் தாங்கும் என்பது ஆய்வுகூடப் புதுக்கருவிகளை மட்டும் வைத்துத் தீர்க்கக்கூடிய கேள்வியல்ல. பாவித்த கருவிகளைச் சேகரித்தே சோதிக்க வேண்டும். கண்ணாடி அடுப்பு நொறுங்கியதில் காஸின் பங்கு எவ்வளவு, கண்ணாடியின் பங்கு எவ்வளவு என்ற பிரிப்பும் முடிந்துவிடவில்லை. உப்புக்காற்றில் ஒரு வார்ப்பிரும்பு பேர்னரின் ஆயுள் எத்தனை பருவமழை, விட்டுவிட்டு எரியும் அடுப்புக்குப் பராமரிப்பு இடைவெளி எவ்வளவு என்பவற்றுக்கான விடைகள் கொழும்பில் எழுதும் கையேட்டிலிருந்து வரமாட்டா. வெருகல், வாகரை, மூதூர்க் குசினிகளில் கழற்றிய பேர்னர்களை அடுக்கிவைத்துப் பார்த்தால்தான் வரும்.